இருபது நிமிடம் முந்திய வீடு

காலத்தை முதன்முதலில் நிறுத்திக் காட்டியவர் வெள்ளானூர் கன்னியப்பன். இதில் மறுப்புக்கு இடமில்லை. அரசர்களும் முனிவர்களும் விஞ்ஞானிகளும் முயன்று தோற்ற அந்தக் காரியத்தை, ஆயுதபூஜைக்கு மறுநாள் மாலை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் பொரியுமாக அவர் செய்து முடித்தார். பாடப்புத்தகங்களில் இது இன்னும் ஏறவில்லை என்றால் அது பாடப்புத்தகங்களின் குறை.

"மே, வேம்புலி! இங்க வா. டைம்னு சொல்றாங்களே, அத்த நிறுத்திட்டேன்."

"அப்டியே மோட்டாரையும் நிறுத்திட்டு வா. டேங்க் நெறைஞ்சி ஊத்துது" என்றாள் அவர் மனைவி வேம்புலியம்மாள், அடுப்படியிலிருந்து.

கூடத்தில் டிவிக்குள் செய்தி வாசிக்கும் பெண் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். கன்னியப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, பொரியை ஒரு பிடி வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்து, பட்டனை அழுத்தினார். அந்தப் பெண் எதுவும் நடக்காததுபோல் மிச்சச் செய்தியைச் சொன்னாள். அமைச்சர் சொன்னதாக அவள் சொன்னதெல்லாம் இரண்டு நிமிடம் பழையது. கன்னியப்பன் வீட்டில் மட்டும் அது இப்போதுதான் நடந்தது.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் கன்னியப்பன் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்தக் கிடங்கு நிற்கும் இடத்தில் அவருடைய அப்பா ஏரித் தண்ணீரில் கூலிக்கு நாற்று நட்டவர். அதைப் பற்றிக் கன்னியப்பன் ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "சேறு இல்ல, ஃபேன் கீது." கிடங்கில் ஆயுதபூஜைக் குலுக்கலில் அவருக்கு விழுந்த பரிசுதான் டிவியை நிறுத்திய இந்தப் பெட்டி. வழக்கமான டிஷ் பெட்டி மாதிரியேதான் இருந்தது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மெல்லிய ரீங்காரத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது.

தெருவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் விளக்கினார்.

"உள்ள ஒரு தட்டு கீது, நைனா. நாம பாத்தாலும் பாக்காங்காட்டியும் அது எழுதிகினே இருக்கும். ஒரு சேனலு பாத்துகினே இன்னோரு சேனல புடிச்சி வெக்கலாம். கல்யாண ஊட்டுப் பந்தி மாதிரி. எடம் காலியா இருக்கிற வரைக்கும் குந்த வெக்கும். நெறைஞ்சிச்சினா, மொதல்ல துன்னுட்டவன எழுப்பி வுட்டுட்டு அடுத்த ஆள குந்த வெக்கும்."

"எழுப்பி விட்டவரு எங்க போவாரு?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு ரகுநாதன்.

"அவரு போயிட்டாரு சார். அவ்ளோதான்."

ரகுநாதன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை என்று வெள்ளானூருக்கு வாடகைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது அவர் மனைவி சுசீலா வர மறுத்துவிட்டாள். காரணம் மதில் சுவர்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் பால் பூத்திலிருந்து கிளம்பிப் பம்ப் ஹவுஸ் வரை நடந்தால், அம்சவேணி நாடகத்தில் ஒரு வசனம்கூடத் தவறாது. முதல் வீட்டில் மாமியார் "நீ யாருடி" என்று ஆரம்பித்தால் மூன்றாவது வீட்டில் "என்னைக் கேக்க" என்று முடிப்பார். அம்சவேணி அழுதால் தெரு மொத்தமும் அழும். விளம்பரம் வந்ததும் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் குழாய் திறக்கும், குக்கர் இறங்கும், பிள்ளைகளுக்கு அடி விழும். மழைக்காலத்தில் டிஷ்ஷில் சிக்னல் போனால் எல்லா வீட்டு ஆண்களும் ஒரே சமயம் குடையோடு மாடியில் நிற்பார்கள். தெரு முழுக்க ஒரே வீடாக இருந்தது என்று யாராவது எழுதினால் மிகையென்று நினைப்போம். ஒரே டிவியாக இருந்தது என்பது உண்மை.

விளம்பர நேரம்தான் மதில் சுவர் நேரம். இந்தப் பக்கம் வேம்புலியம்மாள் துணி துவைக்கிற கல்மேல் ஏறி நிற்பாள். அந்தப் பக்கம் சுசீலா குட்டையென்பதால் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறுவாள். சுவருக்கு மேலே இரண்டு தலைகள் மட்டும் தெரியும்.

"அவ கதவத் தொறக்க மாட்டா. நான் எழுதிக் குடுக்கிறேன்" என்பாள் வேம்புலியம்மாள். அம்சவேணியை மாமியாரும் புருஷனும் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது நாடகத்தின் முதல் வாரம். அவள் அரிசி ஆலை வைத்து முன்னேறி, ஒருநாள் அவர்கள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது நாடகம் பார்க்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு அவள் கதவைத் திறப்பாளா என்பதுதான் கேள்வி.

"தொறப்பா பாருங்கக்கா. பெத்த புள்ளைக்கு அப்பன் வேண்டாமா?" என்பாள் சுசீலா.

"அப்பன் இருந்து இன்னா கிழிச்சான்? தோ, என் ஊட்ல ஒண்ணு குந்திகினு கீது."

"மெல்லப் பேசுங்கக்கா, அண்ணாச்சிக்கு கேக்கும்."

"கேக்கட்டும்."

வெண்டைக்காய் விலை, வேம்புலியம்மாளின் மகள் பானுப்பிரியாவின் வரன், சுசீலாவின் முழங்கால், கருவாடு சுடும் வாடை அந்தப் பக்கம் போவது, சொதிக் குழம்பு ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வருவது எல்லாம் சோப்புக்கும் பற்பசைக்கும் நடுவில் நடந்து முடியும். நாடகத்தின் இசை கேட்டதும் இரண்டு தலைகளும் ஒன்றாக இறங்கும்.

இதைத்தான் கன்னியப்பன் முதலில் ஒழித்தார்.

"சோப்பு விளம்பரத்துக்கெல்லாம் எழுந்து போயி செவுத்துல தொங்கிகினு கதை அளக்குறீங்களே, வெக்கமா இல்ல? எட்டு மணி நாடகத்த எட்டேகாலுக்கு ஆரம்பிச்சா, விளம்பரத்த தாண்டித் தாண்டி அதே நேரத்துல முடிச்சிடலாம். விளம்பரம் பாக்கறவன் மடையன்."

அப்படியே செய்தார். விளம்பரம் தலைகாட்டும்போதெல்லாம் ரிமோட்டை வாள்போல் நீட்டுவார். சோப்புப் பெண்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். வேம்புலியம்மாளுக்கு எழுந்திருக்க நேரமே கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் விளம்பரம் வரும்போது இந்தப் பக்கம் நாடகம். சுசீலா வாளிமேல் ஏறி, காலியான துவைக்கிற கல்லைப் பார்த்துவிட்டு இறங்கினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அங்கிருந்தே கத்தினாள்.

"ஏக்கா! மாமியாக்காரி மயங்கி விழுந்துட்டால்லா! பாத்தியளா?"

இந்தப் பக்கம் மாமியார் நல்ல ஆரோக்கியத்தோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேம்புலியம்மாள் அந்த இட்லியை வெறித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் மாமியார் விழுந்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இந்தாய்யா, இந்தப் பொட்டிய கொண்டும்போயி உன் கெடங்குலயே வெச்சிட்டு வா" என்றாள்.

"உலகமே ஆசப்படுற மெஷினு. உனக்கு அரும தெரில."

கன்னியப்பனுக்கும் நேரத்துக்கும் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. கிடங்கு வண்டி காலையில் யாருக்காகவும் நிற்காது. அதனால் அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் இருபது நிமிடம் வேகமாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பகுதியில் வண்டியில் வேலைக்குப் போகிற வீடுகளில் இது சாதாரணம். பத்து, பதினைந்து என்று வீட்டுக்கு வீடு மாறும். ரகுநாதன் மட்டும் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைச் சரிபார்த்து, மறுபடி கட்டிக்கொள்வார்.

"சங்கு ஊதினா முழிக்கிற ஆளு சார் நீங்க. நம்ம ஊடு உலகத்துக்கே இருபது நிமிஷம் முந்தி" என்பார் கன்னியப்பன்.

ரகுநாதன் சிரிப்பார். "முந்திப் போயி என்ன செய்தீங்க?"

"வண்டிக்கு நின்னுகினு இருப்பேன்."

ஐப்பசி மாதக் கடைசியில் ரகுநாதன் ஓய்வுபெற்றார். அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை லாரி. அதற்கு முந்தைய நாள், ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அம்சவேணியின் கடைசிப் பகுதி என்று டிவியில் மணிக்கொரு தரம் முழங்கினார்கள். வாசலில் மாமியாரும் புருஷனும். உள்ளே அம்சவேணி. கதவு.

வேம்புலியம்மாளுக்கு இதில் ஏதோ தெய்வச் செயல் தெரிந்தது. "ரெண்டும் ஒரே நாள்ல முடியுது பாரு சுசீலா. உன் டிவிய மூட்ட கட்டிடு. இங்க வந்துடு. ரெண்டு பேரும் குந்தி ஒண்ணாப் பாப்போம். இந்தாளு கைல ரிமோட்ட குடுக்க மாட்டேன்."

"செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒருநாளாவது நான் உக்காந்து பாக்கணும்லா" என்றாள் சுசீலா. அத்தனை வருடத்தில் அவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை. அதற்குத் தேவையே வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லியிலிருந்து கன்னியப்பனின் தம்பி போன் செய்தார். தன் மகள் ஸ்வாதிக்கு ஞாயிறு மாலை வளைகாப்பு. பெரியம்மா வந்துதான் முதல் வளையல் போட வேண்டும்.

வேம்புலியம்மாள் சமையலறையில் பாத்திரங்களைச் சற்று வேகமாகக் கழுவினாள். கன்னியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதுக்குத்தாம்மே மெஷினு கீது. நீ போய் வளையல் போடு. நான் புடிச்சி வெக்கிறேன். திரும்பி வந்து, கை காலு கழுவி, சுசீலாவ கூட குந்த வெச்சிகினு பாரு. நாடகம் உனக்காகக் காத்துகினு நிக்கும்."

"தப்பாதே?"

"என்னாண்ட கேக்குறியா?"

"உன்னாண்டதான் கேக்குறேன். அவ காலைல பூடுவா."

கன்னியப்பன் ரிமோட்டை எடுத்தார். பெட்டியின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஞாயிறு மாலைக்கு இன்னும் ஏதோ பழைய படம் என்றே போட்டிருந்தது. ஆகவே பேரைத் தொட்டுப் பதிவு செய்யும் சுலப வழி இல்லை. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் கையால் போட வேண்டும். இங்கேதான் ஒரு சாதாரண மனிதன் ஐந்து, ஏழு என்று போட்டுவிட்டுப் படுத்திருப்பான். கன்னியப்பன் சாதாரண மனிதன் அல்ல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யோசித்தார்.

"டிவிக்காரன் சொல்றது ஊர் டைமு. நம்ம ஊட்டு டைமு அதுக்கு இருபது நிமிஷம் முந்தி. மெஷினு நம்ம ஊட்லதான கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நாலு நாற்பதில் தொடங்கி ஆறு நாற்பதில் முடியுமாறு வைத்தார். இந்தக் கணக்கு ஏன் தப்பு என்று யோசித்தால் நமக்கே ஒரு கணம் தலை சுற்றும். அவருக்குச் சுற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுசீலாவைத் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் வந்து பார்க்கச் சொன்னார்கள். அவள் போகவில்லை. டிவி இல்லாத, மூட்டைகள் நிறைந்த கூடத்தில் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். தெரு முழுக்க அம்சவேணி பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது. ரகுநாதன் காவலுக்கு உட்கார்ந்தார். பால்காரர் வாசலில் நின்று "அம்மா, பாத்தீங்களா, கடைசில அவ..." என்று ஆரம்பித்தபோது ரகுநாதன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரின் வாயைக் கையால் பொத்தினார்.

தூறலில் நனைந்து கன்னியப்பன் குடும்பம் பூந்தமல்லியிலிருந்து திரும்பியது. வேம்புலியம்மாள் பட்டுப் புடவையைக்கூட மாற்றவில்லை. தூக்குவாளியில் வளைகாப்புச் சாதம் ஐந்து வகை. சுசீலா முன்வாசல் வழியாக வந்தாள். சுவரைச் சுற்றி வருவது புதிதாக இருந்ததால் செருப்பை எங்கே விடுவதென்று ஒரு நிமிடம் நின்றாள். இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். ரகுநாதன் நாற்காலியில். பானுப்பிரியா கட்டிலில், காலை மடக்கிக்கொண்டு. அம்பத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவள்தான் அந்த வீட்டில் அப்பாவின் கணக்கைக் கேள்வி கேட்கும் ஒரே ஆள்.

கன்னியப்பன் பட்டனை அழுத்தினார். திரையில் ஒருவர் வாழைப்பூ வடை சுட்டுக் காட்டினார்.

"இன்னா நைனா, அம்சவேணி வடை கடை போட்டுட்டாளா?"

"முன்கூட்டியே வெச்சிகீறேன், கண்ணு. ஒண்ணும் தப்பக் கூடாதுன்னு." வடையை அவர் ஓடவிட்டார். அம்சவேணி வந்தாள்.

அந்த ஒன்றரை மணி நேரம் நன்றாக இருந்தது. விளம்பரம் வந்தபோது கன்னியப்பன் ரிமோட்டை நீட்டினார். வேம்புலியம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள். சோப்பு முழுதாக ஓடியது. அதற்குள் இருவரும் புளிசாதம் சாப்பிட்டார்கள்.

"ஸ்வாதிக்கு பொண்ணுதான் பொறக்கும். வயிறு அப்டிதான் கீது."

"மொகம் தெளிவா இருந்தா பையன்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. ஊருக்குப் போயி யாருட்டக்கா இதெல்லாம் பேச?"

வேம்புலியம்மாள் தயிர்சாதத்தை அவள் தட்டில் வைத்தாள். "துன்னு" என்றாள்.

நாடகத்தில் மழை கொட்டியது. முதல் வாரத்து மழை. புருஷன் கதவைத் தட்டினான். மாமியார் ஈரத்தோடு படியில் உட்கார்ந்தார். அம்சவேணி நடந்து வந்தாள். அவள் கதவருகே வர இரண்டு விளம்பரங்களும் ஒரு பழைய நினைவும் ஆயின. தாழ்ப்பாளில் கை வைத்தாள். வேம்புலியம்மாள் சுசீலாவின் கையைப் பிடித்தாள்.

திரை நீலமானது. 'பதிவு முடிந்தது. அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது.

கன்னியப்பன் ரிமோட்டைத் தட்டினார். பெட்டியைத் தட்டினார். "மழை. டிஷ்ஷுல தண்ணி பூந்துட்டிருக்கும்" என்றார்.

பானுப்பிரியா பதிவின் நேரத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "நைனா, நம்ம கடியாரத்துக்கு ஏத்த மாதிரியா டைம் வெச்ச?"

"ஆமா. மெஷினு நம்ம ஊட்ல..."

"அதுக்கு டைமு மேல டிஷ்ல இருந்து வருது. செவுத்துல இருந்து இல்ல."

வேம்புலியம்மாள் சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போட்டிருந்தால் கன்னியப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தட்டுகளை அடுக்கினாள். "இத்தினி வருசத்துல உன்னாண்ட இன்னா கேட்டேன்? ஒரு சாய்ங்காலம் கேட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"காலைல போன்ல வந்துடும்மா, பாத்துக்கலாம்" என்றாள் பானுப்பிரியா.

"காலைல இவ லாரில இருப்பா."

சுசீலாதான் முதலில் சிரித்தாள். "அண்ணாச்சி, காலத்த நிறுத்திட்டீங்கன்னு சொன்னாவ. கதையல்லா நிறுத்திட்டிய!" அவள் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. ரகுநாதன் எழுந்து, தேவையில்லாமல் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார்.

"எதிர்த்த ஊட்ல கேட்டுனு வரட்டா?" என்றார் கன்னியப்பன், செருப்பை மாட்டியபடி.

"போனீன்னா திரும்பி வராத" என்றாள் வேம்புலியம்மாள். "அவனுங்க வாயால கேக்கவா இத்தினி வருசம் பாத்தோம்? தோ பாரு சுசீலா, அவ தொறக்கல. அவ்ளோதான்."

"தொறந்துட்டாக்கா. தாப்பாள்ல கை வெச்சவ தொறக்காம என்ன செய்வா?"

"இன்னும் கெட்டியா சாத்த வெச்சிருப்பா!"

"மழைல கெழவி உக்காந்திருக்காளே!"

"உக்காரட்டும்!"

சண்டை வாசல் வரை போனது. சுசீலா சுவரைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போய், கொல்லைப்பக்கம் வந்து, வாளிமேல் ஏறினாள். வேம்புலியம்மாள் பட்டுப் புடவையோடு கல்மேல் ஏறினாள். தூறலில் சண்டை தொடர்ந்தது. உள்ளே நீலத் திரையின் வெளிச்சத்தில், பெட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

காலையில் லாரி போயிற்று. ரகுநாதன் கிளம்பும்போது சங்கு ஊதியது. அவர் வழக்கம்போல் கடிகாரத்தைக் கழற்றப் போனவர், கழற்றாமல் கையை இறக்கிவிட்டார். கன்னியப்பன் அதைப் பார்த்தார். பெயிண்ட் வாளியை மட்டும் யாரும் லாரியில் ஏற்றவில்லை.

அதற்குப் பிறகு அம்சவேணியின் முடிவு வேம்புலியம்மாள் காதில் விழாமல் காப்பது தெருவின் பொறுப்பாயிற்று. பானுப்பிரியாவுக்கு முடிவு தெரியும். சொன்னால் சோறு கிடையாது. பெட்டியில் அந்தப் பாதிப் பதிவு கிடந்தது. தட்டு நிறைந்து பழையதை எழுப்பிவிட நேர்ந்தபோதெல்லாம், கன்னியப்பன் தன் கபடிப் போட்டிகளை ஒவ்வொன்றாக அழித்து அதைப் பந்தியில் குந்தவைத்தார்.

அம்பாசமுத்திரத்தில் டிஷ் மாட்டிய மறுநாள் சுசீலாவின் போன் வந்தது. "ஏக்கா, எட்டு மணிக்குப் புதுசா ஒண்ணு போடுதான். சித்திக்காரி கொடும."

அன்று எட்டு மணிக்கு வேம்புலியம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி மேசையில் வைத்தாள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டாள். "பின்னாடி போட்டு ஓட்டுற வேலையெல்லாம் இங்க வாணாம். அவளுக்கு ஓடும்போதுதான் எனக்கும் ஓடணும்."

கன்னியப்பன் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை இருபது நிமிடம் பின்னால் தள்ளினார். "வண்டிய வுட்டுறப் போற" என்றாள் பானுப்பிரியா. "சீக்கிரமா எழுந்துக்கிறேன்" என்றார்.

நாடகத்தில் சித்தி சூடு போடக் கரண்டியைக் காயவைத்தாள். விளம்பரம் வந்தது. சோப்பு.

"ரகு சார் கீறாரா?" என்று கேட்டார் கன்னியப்பன், யாரையும் பார்க்காமல்.

"இருக்காவளே அண்ணாச்சி. சும்மா வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்காவ."

அவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். துவைக்கிற கல்மேல் ஏறி நின்று சுவரில் முழங்கையை ஊன்றினார். அந்தப் பக்கம் புதிதாக யாரும் குடிவரவில்லை. இருட்டில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"சார், நான்தான். துன்னீங்களா? ...இங்க மழை ஜாஸ்தி. ஏரி ரொம்பிச்சாம். ...காலைல சங்கு ஊதினாங்கோ சார். நம்ம கடியாரத்த அத்த வெச்சிதான் பாத்தேன். கரீட்டா கீது."

உள்ளே நாடகத்தின் இசை கேட்டது. "நைனா! ஆரம்பிச்சிட்டான். நிறுத்தி வெக்கட்டா?" என்று கேட்டாள் பானுப்பிரியா.

கன்னியப்பன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வாணாம்" என்றார். "ஓடட்டும்."